மூணாம் நாள் மாத்திரை

— துப்புடி.

— முழுங்கிட்டன்.

— கொளஞ்சி, காப்பு கட்டன கைடி அது. தீ மிதிக்கப் போறவ, மூணாம் நாளே மாத்திரய வாயில போட்டுக்கினு நிக்கற.

— நாலு மடக்கு தண்ணியும் குடிச்சன். அதயும் சேத்துக்கோ.

— அப்ப வெரதம் இன்னாத்துக்கு ஆச்சி?

— வெரதம் இருக்குது. பொழுது சாயறவரிக்கும் சோத்த தொடமாட்டன். டாக்டரம்மாகிட்ட ஆஸ்பத்திரி நோட்ட காட்டிக் கேட்டுட்டுதான் காப்பே கட்டிக்கினன். தைராய்டு மாத்திர வெறும் வயித்துல போடறதுதான், ஒரு நாளும் நிறுத்தாத, தண்ணி நல்லா குடி, மயக்கம் வந்தா வெரதத்த வுட்டுட்டு சாப்புடுன்னாங்க.

— உனக்கு காப்பு கட்டனது டாக்டரம்மாவா?

— கட்டனது பூசாரி. நோவு புடிச்ச கழுத்து என்னுது.

— நான் சொல்றன் கேளு. பதினெட்டே நாளு. போன வருசம் நிறுத்தல? செத்தா பூட்ட?

— யோவ் சின்னக்கண்ணு.

— புருசன பேர் சொல்லி கூப்புடறியா?

— கூப்புடுவன். நீ சொன்னன்னுதான் போன வருசம் நிறுத்தனன். மூஞ்சி வீங்கிச்சி. கரும்புக்கட்ட தூக்க கை வரல. பதினாறாம் நாளு டிராக்டராண்ட கட்டோட வுழுந்தன். நாக்கு குழறிச்சி. அப்படியே தூக்கிக்கினு போயி திரௌபதியம்மன் எதுர்ல நிறுத்தி, ஆத்தா எறங்கிட்டான்னு வேப்பலயால அடிச்சீங்க.

— ஊரே உன் கால்ல வுழுந்துச்சிடி.

— வுழுந்துச்சி. ஒருத்தராவது ஒரு வாய் கஞ்சி குடுத்தீங்களா?

— ஆத்தா வந்த ஒடம்புக்கு கஞ்சி குடுக்கக்கூடாது.

— அதனாலதான் ரெண்டு நாளு சுருண்டு கெடந்தன். ஆத்தாகிட்ட வேண்டிக்கினது நானு. என் கால்ல நடந்து, நெனப்போட தீ மிதிக்கிறன்னு வேண்டிக்கினன். மாத்திரயும் போடுவன், தீயும் மிதிப்பன். ஆவறத பாத்துக்கோ.

— மெதுவா பேசுடி. மாத்திர போட்டா நெனப்பு தெளிவா இருந்துடும்.

— இருந்தா உனக்கு இன்னா?

— உங்கிட்ட குறி கேக்க சங்கராபுரத்துலேர்ந்து வேன் வெச்சிக்கினு வர்றாங்க. பெரிய மனுசங்க. தர்மகர்த்தாகிட்ட நான் வாக்கு குடுத்துட்டன். அந்தக் கருமத்த வுட்டாத்தான்டி உனக்கு ஆத்தா வருவா.

— அப்ப, போன வருசம் வந்தது ஆத்தா இல்லன்னு உனக்கு அன்னிக்கே தெரியும்.