கொள்ளுத் தாத்தா ஒளிந்த பெட்டி

பழைய மரச்சாமானுக்கு வார்னிஷ் அடிக்கும்போது அவசரப்படக் கூடாது. முதல் பூச்சு நன்றாகக் காய வேண்டும். நீங்கள் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பெட்டியைப் பாருங்கள், முகம் பார்த்துத் தலை சீவலாம்.

எங்கள் கொள்ளுத் தாத்தா சிறுவயதில் அதற்குள் ஒளிந்துதான் பிழைத்தார். சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து தேடியபோது, அவருடைய அம்மா மூடிமேல் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாளாம். உள்ளே அவர் மூச்சுக் காட்டவில்லை. எங்கள் வம்சம் இருப்பதே அதனால்தான். வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை அந்தப் பெட்டிக்குள் உட்கார வேண்டும். பெரியவர் ஒருவர் மூடிமேல் அமர்ந்து இந்தக் கதையைச் சொல்வார். நானும் உட்கார்ந்திருக்கிறேன். பயத்தில் கால்சட்டையை நனைத்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை.

தம்பி மகளுக்கு இதிலெல்லாம் அக்கறையே இல்லை. கொள்ளுத் தாத்தா பெயரைக் கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பாள். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிறு துளைகளைப் பார்த்து, பூச்சி அரித்த பெட்டி என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. தச்சரை வரவழைத்து அடைக்கச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"இது பூச்சி அரிச்சதில்லைங்க. யாரோ வேணும்னே போட்ட ஓட்டை."

பரவாயில்லை, அடையுங்கள் என்றேன்.

தம்பியும் அவன் மனைவியும் வெளியே போன அன்று அவளை உட்கார வைத்தேன். சிரித்துக்கொண்டேதான் உள்ளே இறங்கினாள். கதையில் சிப்பாய்கள் வாசலுக்கு வரும் இடத்தில் தட்ட ஆரம்பித்தாள்.

"பெரியப்பா, மூச்சு முட்டுது. திறங்க."

"எங்க கொள்ளுத் தாத்தா இப்படியா கத்தினாரு?" என்றேன்.

அவள் தட்டுவது என் தொடையில் அதிர்ந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பாதியில் திறந்தால் இந்தக் கதை இவளோடு முடிந்துபோகுமே என்ற பயம். அதனால் ஒரு வரி விடாமல் சொன்னேன். சிப்பாய்கள் திரும்பிப் போகும் இடம் வந்தபோது பெட்டிக்குள் சத்தம் இல்லை.

தச்சர் சொன்னது அப்போது ஞாபகம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. இருந்தும் நான் எழுந்திருக்கவில்லை. அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் கற்றுக்கொள்ளாமல் போகவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசியில் மூச்சுக் காட்டவில்லை.

பெட்டியை மட்டும் உடைத்துவிடாதீர்கள். தம்பிக்குச் சின்னவள் ஒருத்தி இருக்கிறாள்.