பாட்டு அறுபடுகிற இடம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சாரல் அடிக்கிறது. பீடி பற்றவைத்தவன் அணைக்க வேண்டாம்... அந்த வெளிச்சமாவது இருக்கட்டும்.

விளக்கு வைக்கிற நேரம். வடாலா லாரி யார்டிலிருந்து உப்பளத்தை ஒட்டிப் போகிற ரோடு. ஒரு பக்கம் சேறு, மறு பக்கம் தகர வேலி. நடுவில் ஒரே ஓர் ஆள். பெயர் வானமாமலை. நம்மோடு மூட்டை தூக்குகிற மகேஷ்குமாருக்கு அக்காள் புருஷன். பகலெல்லாம் சிமெண்டு இறக்கிய தோள், காதில் போனைப் பிடித்திருக்கவே கெஞ்சுகிறது. போனுக்குள் பெண்டாட்டியின் குரல் விட்டு விட்டு வருகிறது.

"அத்தான்... கதவுகிட்ட... ஒரு..."

அவ்வளவுதான். லைன் கட்டாகவில்லை. அந்தப் பக்கம் ஜன்னலில் மழை விழுகிற ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் யாரோ மெதுவாகக் காலை எடுத்து வைக்கிற மாதிரி... ஒன்று. இன்னொன்று.

அவளால் எழுந்து நடக்க முடியாது. வீட்டில் வேறு ஆள் கிடையாது. வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருப்பவன் இவன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் அவர்கள் இருந்தது பலகை அடைத்த மாடி ரூம். ஏறி இறங்க இரும்பு ஏணி. அந்த ஏணியில்தான் அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய் விழுந்தாள். இடுப்பு போயிற்று. பிறகு ரோடு போடுகிறோம் என்று அந்த வரிசையையே இடித்து, செம்பூர்ப் பக்கம் புது பில்டிங்கில் மேல்மாடியில் வீடு கொடுத்தார்கள். பாதி வீட்டுக்கு இன்னும் ஆளே வரவில்லை. அவன் வேலைக்குப் போனால் அவளுக்குத் துணை இல்லை. போகாவிட்டால் அடுப்பு எரியாது. இதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

தௌசீப் ஒரு வழி செய்தார். தாராவியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற மேலப்பாளையத்துக்காரர். வயர் இல்லாத சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டில் தலைமாட்டில் வைத்தார். அவளுடைய போன் ஹால் ஜன்னலில். அந்த வீட்டில் அங்கே மட்டும்தான் டவர் கிடைக்கும். போனில் பாட்டு ஓடும், ஸ்பீக்கரில் கேட்கும். வானமாமலை கூப்பிட்டால் போன் தானே எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கரிலேயே மைக்கும் உண்டு, அவள் படுத்தபடியே பேசலாம்.

முதல் நாளே பாட்டு அறுந்து அறுந்து வந்தது. தௌசீப் திரும்ப வந்தார். உள்ரூம் வாசலில் நிறைந்து நின்ற நீல டிரம்மைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி, இங்கதான் எந்நேரமும் பைப்புல தண்ணி வருதே. இன்னும் என்னத்துக்கு டிரம்மு?"

"பழக்கம் விட மாட்டேங்கு பாய்."

விடியற்காலையில் குழாயடியில் முண்டியடித்துத் தண்ணீர் பிடித்த கை. புது வீட்டில் சாமான் பிரிக்கும் முன்னே டிரம்மைத்தான் நிரப்பியிருந்தான்.

"உங்க பழைய ரூம்னா பலகை. தெருமுக்கு வரைக்கும் பாட்டு கேட்டிருக்கும். இங்க சுவத்துக்குள்ள பூரா கம்பி. கம்பியும் தண்ணியும் சிக்னலைக் குடிச்சிரும். ஹாலுலருந்து உள்ள வர அதுக்கு இருக்கிறது இந்த ஒரு வாசல்தான். அதுல போய் டிரம்மை நிறுத்தி வச்சிருக்கிய. மனுசன் நின்னாலும் இதே கததான், நம்ம ஒடம்பும் தண்ணிதானே."

டிரம்மைக் காலி செய்து பாத்ரூமுக்கு உருட்டினார்கள். பாட்டு கணீரென்று வந்தது. தௌசீப் வாசலில் போய் நின்றார். அறுந்தது. விலகினார். வந்தது.

"பாய், அப்பிடியே நில்லுங்க. இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது" என்றாள் ஆறுமுகத்தாய். விழுந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தான் வானமாமலை.

மறுநாள் சாயங்காலம் யார்டிலிருந்து கூப்பிட்டான். குரல் அறுந்தது. அதற்கு அடுத்த நாளும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வாசலில் ஒன்றும் இல்லை. உள்கதவு சாத்திக்கொள்ளாதபடி செங்கல் முட்டுக் கொடுத்தது அப்படியே இருக்கிறது.

"நீங்க இருக்கையில நல்லாத்தான் பாடுது" என்றாள். "போன பெறகுதான். அறுந்தா ஒடனே வாறதில்ல அத்தான். ஒரு ஆளு வாசல்ல நின்னு பாத்துட்டு நவுந்து போற நேரம் ஆவுது."

"மழைட்டி. மழைக்கு அப்பிடித்தான் இருக்கும்."

சொல்லிக்கொண்டே சோற்றில் கையை வைத்தபடி தூங்கிப்போனான். அந்தத் தூக்கத்திலும் மூக்கில் ஒரு வாடை. நனைந்த சாக்கு வாடை. தன் உடம்பிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது அந்த ரோட்டில் ஓடப் பார்த்தான். கால் ஓடவில்லை. வேகமாக நடந்தான். போனில் இன்னும் மழைச் சத்தம்... பிறகு லைனே கட்டாயிற்று. பில்டிங்கில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தன்னையே ஒரு மூட்டையைப் போல மேலே இழுத்துக்கொண்டு போனான். மாடியில் மற்ற கதவெல்லாம் பூட்டு.

அவன் பூட்டிய பூட்டும் அப்படியேதான் தொங்கியது. இரும்புக் கதவில் காதை வைத்தான். உள்ளே பாட்டு. ஒரு இடத்திலும் அறுபடாமல்.

திறந்தான். ஹாலில் யாரும் இல்லை. ஜன்னலில் போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. சாக்கு வாடை மட்டும் கனமாக நின்றது. டிரம் இருந்த இடத்தில் கால் பட்டது. ஈரம் இல்லை... ஆனால் சில்லென்று இருந்தது.

அவன் உள்ரூம் வாசலில் நின்றதும் பாட்டு அறுந்தது.

ஆறுமுகத்தாய் கண்ணை மூடியபடி சலித்துக்கொண்டாள். "அங்கன போய் நிக்காதீங்கன்னு இப்பத்தான சொன்னேன்." கண்ணைத் திறந்தாள். "ஓ... நீங்களா?"

"யாருன்னு நெனச்ச?"

"வாசல்ல நின்னா எனக்குப் பாட்டு கேக்க மாட்டேங்கு, எங்க அத்தான் போன்ல பேசுறதும் கேக்க மாட்டேங்குன்னு சொன்னேன். ஒண்ணும் பேசல. இந்தப் பக்கம் வந்து உக்காந்துக்கிட்டாரு."

சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைய இடம் கிடையாது.

அவன் வாசலை விட்டு உள்ளே வந்தான். பாட்டு வந்தது. இவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? உல்லாஸ்நகரில் தம்பி வீடு... அங்கேயே ஆள்மேல் ஆள் படுக்கிறார்கள். விடிந்தால் இறக்குவதற்கு மூட்டை நிற்கிறது.

"மூஞ்சி ஏன் அப்பிடி இருக்கு? நாளைக்கு நிம்மதியா வேலைக்குப் போங்க" என்றாள். "இனிமே நான் ஒத்தையில கெடக்க வேண்டாமுல்லா."

பயப்பட வேண்டிய நேரம்தான். பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. சட்டையைக்கூடக் கழற்றாமல், எப்போதும் போலக் கட்டிலின் கால்மாட்டில் பாயை விரித்தான்.

"அங்கன வேண்டாம் அத்தான். அவரு கட்டிலத் தாண்டிக் கால நீட்டியிருக்காரு."

வானமாமலை பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டு படுத்தான். படுத்ததும் தூங்கிப்போனான்.