வெள்ளை மேல் வெள்ளை

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, சதுப்பிலிருந்து ஈரச் செருப்போடு நேராக இங்கே வந்திருக்கும் நாணல் அறுக்கும் தோழர்களே, முன் வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம்மை விட்டுப் போய்விட்ட நம் தலைமைக் கள ஆய்வாளரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. குருவிக் காலில் வளையம் மாட்டுகிறவர் என்பதால் நாணல் அறுப்பவர்கள் அவரை வளையல்காரர் என்றார்கள். நமக்கும் அதுவே நிலைத்துவிட்டது. எனக்கு மட்டும் அவர் அண்ணன். நான் அவருக்குக் கணக்கம்மா.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் கேட்டது ஒரே கேள்வி. இந்த வசந்தத்தில் நாணலில் பாடும் நூறு குருவிகளில் அடுத்த வசந்தத்துக்கு எத்தனை மிஞ்சும்? சின்னக் கேள்விதான். விடை சொல்வது எப்படி? செத்த குருவி கண்ணில் படுமா? படாது. உயிரோடு இருப்பதைத் தேடிப் பார்த்துத்தான் மற்றதைக் கணக்கிட வேண்டும். பார்ப்பது அவர் வேலை, கணக்கிடுவது என் வேலை.

ஒரு காலில் எண் பொறித்த உலோக வளையம், மறு காலில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு நிற வளையங்கள். எண்ணைப் படிக்கக் குருவி வலையில் சிக்க வேண்டும். நிறத்தைத் தொலைநோக்கியிலேயே படித்துவிடலாம். மேல் வளையம் மட்டும் வெள்ளையாக இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி.

ஒரு வசந்தத்தில் அவர் குறிப்பேட்டில் ‘வெள்ளை மேல் வெள்ளை’ என்று எழுதிக்கொண்டு வந்தார். நான் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

“கணக்கம்மா, நான் பாத்தேன்.”

“நாம மாட்டாத வளையத்த நீங்க எப்படிண்ணே பாப்பீங்க? கண்ணாடியத் துடைச்சிட்டுப் பாருங்க.”

துடைத்தார். மறு ஆண்டு புதுக் கண்ணாடியே வாங்கினார். அப்போதும் வெள்ளை மேல் வெள்ளை, சிவப்பு மேல் வெள்ளை. ஆறு ஆண்டுகள் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஏழாம் ஆண்டு ஒரு காலையில் என் தொலைபேசி அடித்தது. “கணக்கம்மா, நீங்க நாலு வருஷம் முன்னாடி சாகடிச்ச குருவி இப்ப என் விரலைக் கடிச்சிட்டிருக்கு.”

உலோக வளையத்தின் எண் அதைச் சொன்னது. அதற்கு நாங்கள் மாட்டியது மேலே பச்சை, கீழே வெள்ளை. சதுப்பு வெயிலில் பச்சை வெளுத்துப்போயிருந்தது. மேலே பச்சை வளையம் மாட்டிய குருவிகளை எல்லாம், அவர் பார்த்து எழுதியதை அடித்து, என் மேசையில் நான் ஒவ்வொன்றாகக் கொன்றிருந்தேன். நூற்றுக்கு நாற்பத்தொன்று பிழைக்கிறது என்று அறிக்கை கொடுத்திருந்தோம். உண்மையில் ஐம்பத்து மூன்று.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவருக்கோ அடுத்த கேள்வி வந்துவிட்டது. “பெருசுங்க பிழைக்குதுன்னா குருவி ஏன் குறையுது? அப்ப சாகறது யாரு?”

அந்த நாற்பத்தொன்றை நம்பி, பெரிய குருவிகளுக்குக் குளிர்காலத்தில் அவை போகும் இடத்தில்தான் ஆபத்து என்று ஆறு ஆண்டுகள் அங்கே தேடியிருந்தோம். செத்துக்கொண்டிருந்தவை நம் காலடியிலேயே, நாணல் அறுப்பில் சாய்ந்த கூடுகளில் இருந்த குஞ்சுகள். அவர் போய்க் கேட்டதும் இந்தத் தோழர்கள் அறுப்பை இருபத்தைந்து நாள் தள்ளிப்போட்டார்கள். அதன்பின் மூன்று ஆண்டுகளாகக் குஞ்சுகள் பறக்கின்றன. முந்தைய ஆறு ஆண்டுக் குஞ்சுகள் திரும்பி வரப்போவதில்லை.

இயக்குநர் அவர்களே, அந்த ஆறு ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்று இதே அரங்கில் கேட்டீர்கள். வளையல்காரர் எழுந்து, “என் பிழை” என்றார். திட்டத் தலைமையை அவரிடமிருந்து எடுத்தீர்கள். நான் மூன்றாம் வரிசையில் அந்தச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். நான் எழவில்லை.

வெளியே வந்ததும், “ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?” என்றேன்.

“சாயம் வெளுக்கும்னு எனக்கும்தானே தோணல. பாதி என்னுது.”

“மீதி?”

“அத நீங்க எப்பவாச்சும் சொல்லுவீங்க.”

மூன்று ஆண்டுகள் காத்திருந்தார். ஒரு நாள்கூட நினைவுபடுத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் சரியாகவே பார்த்தார். அடித்தது நான். இதை எழுதிக் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையில் பிழைக்கு நேரே இருக்கும் அவர் பெயரை எடுத்து என் பெயரைப் போடுங்கள், என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள்.

அண்ணி நேற்று அவருடைய கடைசிக் குறிப்பேட்டை என்னிடம் தந்தார். கடைசி வரி: ‘வெள்ளை மேல் வெள்ளை, இந்த வசந்தத்தில் இன்னும் காணோம்.’ செத்துவிட்டது என்று அவர் எழுதவில்லை. இருக்கிறதா, இல்லையா? எனக்கும் தெரிந்தாக வேண்டும். இந்தத் தேடலை நாம் விடப்போவதில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு சதுப்பில் அவர் எப்போதும் நின்ற பலகைப் பாதையில் நான் நிற்பேன். வருகிறவர்கள் வாருங்கள். நீங்கள் என்ன நிறம் பார்த்தாலும் சொல்லுங்கள், சொன்னபடியே எழுதிக்கொள்கிறேன்.