உறை போட்ட நுண்ணோக்கி

விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே. கடல் கடந்து, வானம் கடந்து, விமான நிலையத்து வரிசைகளையும் கடந்து வந்திருக்கும் நட்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்களே. அவருடன் வந்து முன்வரிசையை அணிசெய்யும் பேராசிரியப் பெருமக்களே. நான் பேச வேண்டியதையெல்லாம் எனக்கு முன்பே பேசி முடித்துவிட்ட துறைத் தலைவர்களே. பிள்ளைகள் இங்கே என்ன படிக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும் நன்றாகப் படிக்கிறார்கள் என்று நம்பி வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே. வராவிட்டால் வருகைப்பதிவு போய்விடும் என்பதால் வந்திருக்கும் மாணவ மணிகளே. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்டிருப்பது நன்றியுரை. நன்றியுரை எப்படிப்பட்ட இடம் என்பது எனக்குத் தெரியும். பந்தல்காரர் நாற்காலிகளை எண்ணத் தொடங்கும் நேரம் அது. ஆனாலும் இன்று கொஞ்சம் நீட்டித்தான் பேசப் போகிறேன். பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி "சார், பசிக்குது" என்கிறார். எனக்கும்தான் பசிக்கிறது, தம்பி. உட்காருங்கள். நான் நீட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இங்கே கருவியியல் துறையில் உதவிப் பேராசிரியர். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'திருப்புளி'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெருமக்களே, இரு நிறுவனங்களின் நட்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்று கூடியிருக்கிறோம். ஒப்பந்தம் என்றால் என்ன? காகிதமா? கையெழுத்தா? கையெழுத்துக்குப் பின் வரும் கைகுலுக்கலா? கைகுலுக்கலுக்குப் பின் வரும் கைதட்டலா? கைதட்டல் ஓய்ந்த பிறகு எஞ்சுவது எதுவோ, அதுதான் ஒப்பந்தம் என்கிறேன் நான். இந்த இரண்டு நிறுவனங்களும் முதன்முதலாகக் கைகுலுக்கியபோது, கைதட்டல் ஓய்ந்த பிறகு எங்களுக்கு எஞ்சியது ஒரு நுண்ணோக்கி.

சாதாரண நுண்ணோக்கி அல்ல. எலக்ட்ரான் நுண்ணோக்கி. தலைமயிரின் ஒரு செதிலைத் தார்ச்சாலை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும். ஈரமான பொருளைக்கூட ஈரம் காயாமல் பார்க்கலாம். அதை நிறுவ வந்த நிறுவனத்து ஆள் ஒரு பிற்பகல் முழுவதும் எங்களுக்குப் பாடம் எடுத்தார். போடவும் கற்றுக்கொடுத்தார், அணைக்கவும் கற்றுக்கொடுத்தார். அதில் இரண்டாவதை நாங்கள் மிக நன்றாகக் கற்றுக்கொண்டோம்.

அன்றே அதற்கு வெல்வெட்டில் உறை தைத்தார்கள். திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கை இன்றுவரை உரிக்கவில்லை. அந்த அறையில் இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடுகிறது. பக்கத்து வகுப்பில் மின்விசிறி சுற்றாமல் பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொள்கிறார்கள். எங்கள் கல்லூரியிலேயே மிகவும் சௌகரியமாக இருப்பது அந்த நுண்ணோக்கிதான். ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களை வரிசையாக நிறுத்தி, கதவிலுள்ள கண்ணாடி வழியாக அதைக் காட்டுவோம். நுண்ணோக்கி வழியாக உலகத்தைப் பார்ப்பது மற்றவர் வழக்கம். கண்ணாடி வழியாக நுண்ணோக்கியைப் பார்ப்பது நம் வழக்கம்.

துணைவேந்தர் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் காதோடு சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு வாக்கியம் பின்னால் வருகிறார்கள். பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

விருந்தினர் வந்தால் மட்டும் உறை விலகும். திரை ஒளிரும். திரையில் ஒரு மகரந்தத் துகள் தெரியும், முள்முள்ளாக, நிலாவைப் போல. எல்லோரும் வியப்பார்கள். படம் எடுப்பார்கள். உறை மூடும். ஐயா, அந்த மகரந்தம் நாங்கள் பார்த்ததல்ல. நிறுவ வந்த ஆள் சோதித்துப் பார்க்கையில் சேமித்துவிட்டுப் போன படம். நம் கல்லூரி மலரின் அட்டையிலும் அதுதான் இருக்கிறது, உங்கள் பல்கலைக்கழகத்து மலரின் அட்டையிலும் அதுதான் இருக்கிறது. நம் இருவர் நட்பில் அந்த ஒரு துகள்தான் ஓயாமல் உழைத்திருக்கிறது.

இதோ, துணைவேந்தர் இப்போதுதான் சிரிக்கிறார். கண்ணாடி வழியாகப் பார்த்ததற்கு.

விளக்கு ஒரு நொடி மங்கிவிட்டு வந்ததே, கவனித்தீர்களா? பயப்படாதீர்கள், அம்மா. எழுந்திருக்க வேண்டாம். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வு மாணவி. எல்லோருக்கும் அவர் 'ஃபில்டர் அக்கா'. குடிநீரிலுள்ள நச்சுகளை நீக்க, மட்பாண்டக் களிமண்ணும் மரநாரும் கலந்து, வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு வடிகட்டிப் படலம் செய்திருக்கிறார். ஆலை வேண்டாம், அடுப்பு இருந்தால் போதும். எந்தத் தெருவிலும் செய்யலாம். இப்படி ஒன்று பல ஊர்களுக்குத் தேவை. அது நல்ல படலமா, ஓட்டைப் படலமா? அதைக் கண் சொல்லாது, கை சொல்லாது. நுண்ணோக்கிதான் சொல்ல வேண்டும். அதுவும் ஈரம் காயுமுன்பு.

அக்கா முதல்வரிடம் போனார். நானும் கூட நின்றேன்.

"சார், ஒரே ஒரு தடவை நம்ம மெஷின்லயே பாத்துக்கறேன் சார்."

"ஏம்மா, அதான் பார்சல் போட்டு அவங்க ஊருக்கே அனுப்பச் சொல்லியிருக்கேனே. அங்கயும் இதே மெஷின்தானே?"

"இதே மெஷின்தான் சார். அதான், இங்கயே பாக்கலாமான்னு கேக்கறேன்."

"இங்க பாத்து பழுதாயிட்டா யாரும்மா பொறுப்பு?"

"அங்க பாத்து பழுதானா சார்?"

"அது அவங்க பாடு."

முதல்வர் அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு பொருள் கெட்டுப்போனால் கேள்வி கேட்கப் பத்துப்பேர் வருவார்கள்; சும்மா கிடந்தால் யாருமே கேட்கமாட்டார்கள். இப்படித்தான் நம் நிர்வாகம் நம்மைப் பழக்கியிருக்கிறது. அவரும் அதில் பழகியவர். ஐயா, என்னைப் பார்க்காதீர்கள். அவையைப் பாருங்கள், படம் எடுக்கிறார்கள்.

படலம் பறந்தது. நம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கருவியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கடலைத் தாண்டி, அதே கருவியின் உடன்பிறப்பைத் தேடிப் பறந்தது. போகிற வழியில் காய்ந்தது. காய்ந்ததும் சுருண்டது, சுருண்டதும் வெடித்தது. எத்தனை தடவை அனுப்பினாலும் அங்கிருந்து வந்த படத்தில் காய்ந்த குளத்துச் சேறு போல விரிசல், விரிசல், விரிசல். ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரிசல் விழுந்த வடிகட்டியில் என்ன வடியும் என்று கேட்டார்கள். கேள்வி சரிதான். இந்தப் பருவம் முடிவதற்குள் விரிசல் இல்லை என்று காட்டவில்லையென்றால் அக்காவின் பதிவு ரத்து. இத்தனை வருட உழைப்பும் விரிசலாகவே முடிந்துவிடும்.

அவருடைய அம்மா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பார். "ஏன் தம்பி, இவ படிப்பு எப்பதான் முடியும்? கடைக்காரர்லேர்ந்து கண்டக்டர் வரைக்கும் கேக்கறாங்க. தண்ணிய வடிகட்டறான்னா, இவ்வளவு நாளா எவ்வளவு தண்ணிதான் வடிகட்டுவான்னு கேக்கறாங்க." அம்மா, இன்றைக்கு அதற்குப் பதில் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

நட்புப் பல்கலைக்கழகத்தாரே, உங்களிடமும் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச அனுமதியுங்கள். கருவி தந்தீர்கள், அதைக் கழற்றிப் பூட்டும் பயிற்சி தரவில்லை. எங்கள் கிணறுகளின் தண்ணீரை உங்கள் மாணவர்கள் குப்பிகளில் எடுத்துப் போனார்கள். நல்ல ஆய்வுகள் வந்தன. அவற்றில் எங்கள் பெயரைத் தேடினேன். நன்றியுரையில் இருந்தது. நன்றியுரை எப்படிப்பட்ட இடம் என்று முன்பே சொன்னேன்.

குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வளரும் நாட்டுக் கல்லூரி கைநீட்டும் கல்லூரி என்றும், வளர்ந்த நாட்டுக் கல்லூரி கைகொடுக்கும் கல்லூரி என்றும் நாம் இருவருமே நினைத்துவிட்டோம். தவறு இரண்டு பக்கமும் சரிசமமாக இருக்கிறது. நாம் உண்மையிலேயே கூட்டாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

இந்தக் கதையில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி. அவர்கள் ஊரில் அந்த உடன்பிறப்புக் கருவியை நடத்தும் அம்மையார். காய்ந்த படலம் மறுபடி மறுபடி வரக் கண்டு, திரைவழி அழைப்பில் வந்துவிட்டார். அவர் கேட்டதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்.

"உங்க கருவிக்கு என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லைங்க. நல்லா இருக்கு" என்றேன்.

"அப்புறம் ஏன் இங்க அனுப்பறீங்க?"

"நல்லா இருக்கே, அதனாலதான்."

அவர் தன் கருவியின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார். "எங்க கருவி எத்தனையோ தடவை பழுதாயிருக்கு. முதல் தடவை நான்தான் பழுதாக்கினேன், மாணவியா இருந்தப்போ. திட்டினாங்க. அப்புறம் கழட்டிச் சரிபண்ணச் சொன்னாங்க. இன்னிக்கு நான் இந்தக் கூடத்தை நடத்தறது அதனாலதான்."

அவையோரே, இதைத்தான் உங்கள்முன் வைக்க வந்தேன். ஒரு பல்கலைக்கழகம் எதனால் பல்கலைக்கழகம் ஆகிறது? கட்டடத்தாலா? கட்டடம் சந்தைக்கும் உண்டு. கருவியாலா? கருவி கடையிலும் உண்டு. பட்டத்தாலா? பட்டம் அச்சகத்தில் அடிப்பது. பழுதாக்கும் துணிவும், பழுதைப் பார்க்கும் பொறுமையும், பார்த்ததைச் சரிசெய்யும் பயிற்சியும் எங்கே உண்டோ, அங்கேதான் பல்கலைக்கழகம் உண்டு. நாடுகளைத் தாண்டிக் கல்விக்கூடங்கள் கைகோக்க வேண்டும். கட்டாயம் கோக்க வேண்டும். ஆனால் அந்தக் கைகளில் எண்ணெய்க்கறை இருக்க வேண்டும். எங்கள் ஆள் அங்கே போய் அவர்கள் கருவியைக் கழற்ற வேண்டும். அவர்கள் ஆள் இங்கே வந்து எங்கள் களிமண்ணைப் பிசைய வேண்டும். ஆய்வேட்டின் முகப்பில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பழுதானால் அது இருவர் பாடாகவும் இருக்க வேண்டும்.

இனிக் காரணத்துக்கு வருகிறேன். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் ஆளில்லை; பூங்கொத்து மட்டும் உட்கார்ந்திருக்கிறது. துணைவேந்தரோடு வந்திருக்கும் அந்த அம்மையாரின் நாற்காலி அது. இன்று காலை விருந்தினர் நுண்ணோக்கியைப் பார்த்தார்கள், மகரந்தத்தை வியந்தார்கள், படம் எடுத்தார்கள். முடிந்ததும் முதல்வர் அவர்கள் சாவியை என் கையில் தந்து, "மூடிட்டு வாப்பா. கண்ணாடியில கைரேகை படாம பாத்துக்க" என்றார்.

நான் மூடவில்லை, ஐயா. சாவியை அம்மையாரிடம் கொடுத்தேன். ஃபில்டர் அக்கா இன்று காலை வார்த்த படலத்தை ஈரத்துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். சற்றுமுன் விளக்கு மங்கியது அந்தக் கருவியின் பம்ப் ஓடத் தொடங்கியதால். அது காற்றை இழுத்துத் தயாராகச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஆகவேதான் இந்த நன்றியுரை இவ்வளவு நீண்டது.

முதல்வர் எழுந்து நிற்கிறார். "பழுதானா யாருப்பா பொறுப்பு?" என்கிறார். நான்தான், ஐயா. மைக்கில் சொல்கிறேன், எல்லோரும் கேட்கட்டும். நான்தான் பொறுப்பு.

துணைவேந்தரும் எழுகிறார். மொழிபெயர்ப்பாளரே, என்ன சொல்கிறார்? "எங்களுக்கும் பங்கு உண்டு" என்கிறாரா? நல்லது. இன்று புதுப்பிக்கப் போகும் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இல்லை. கையெழுத்துப் போடுமுன் சேர்த்துவிடுங்கள், பேனா மேசையில்தான் இருக்கிறது.

அதோ, பின்வாசலில் நிற்பவருக்கு வழிவிடுங்கள். ஃபில்டர் அக்கா. ஏன் அங்கேயே நின்றுவிட்டீர்கள்? இங்கிருந்தே கேட்கிறேன். அக்கா, விரிசல் இருக்கா?

"இல்ல."

சத்தமாகச் சொல்லுங்கள், அம்மாவுக்குக் கேட்கவில்லை.

"இல்லம்மா. ஒரு விரிசல்கூட இல்ல."

கைதட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள். அம்மா, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், கண்டக்டருக்குப் பதில் கிடைத்துவிட்டது. என்ன அக்கா, இன்னும் ஏதோ சொல்கிறீர்கள்?

"பம்ப்புல ஒரு சத்தம் வருது. அவங்க கீழ படுத்துப் பாத்துட்டிருக்காங்க. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கேக்கறாங்க."

பெருமக்களே, நுண்ணோக்கி பழுதாகிவிட்டது. இத்தனை காலத்தில் இந்தக் கல்லூரிக்குக் கிடைத்த முதல் பழுது. பசிக்கிறது என்ற தம்பி, நீங்கள் முதலில் வாருங்கள். கழற்றக் கற்றுக்கொள்ள விரும்பும் யாரும் வரலாம். செருப்பை வெளியே விடுங்கள். உறையை மிதிக்காதீர்கள், அதைக் கிழித்து எண்ணெய் துடைக்க வைத்திருக்கிறோம்.

கருவி தந்த கைகளுக்கு நன்றி. கடல் கடந்து வந்து தரையில் படுத்திருக்கும் அம்மையாருக்கு நன்றி. இவ்வளவு நேரம் பசி பொறுத்த உங்களுக்கு நன்றி. நம்பிச் சாவி தந்த முதல்வர் அவர்களுக்குத் தனி நன்றி. சாவி இனி ஆய்வுக்கூடத்து ஆணியில் தொங்கும், ஐயா. உங்களுக்கும் ஒரு நகல் செய்து தருகிறேன்.

வணங்கி, ஸ்பேனர் எடுக்கப் போகிறேன்.