ஓர் அத்தியாயம் மட்டும்

உங்கள் காவல் நிலையத்தில் காபி நன்றாக இருக்கிறது, ஆபீசர். எங்கள் நூலகத்தில் கிடைப்பது பழுப்பு நிற வெந்நீர்தான்.

என் பெயர் மார்லிஸ் ட்வெய்ட். மினசோட்டாவில் இந்தப் பல்கலைக்கழகத்து நூலகத்தில் இருபத்தாறு வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பேராசிரியர்கள் தங்கள் வகுப்பு படிக்க வேண்டிய பக்கங்களைச் சொல்வார்கள். நான் அவற்றை ஸ்கேன் செய்து மாணவர்களுக்குக் கணினியில் ஏற்றுவேன். எங்கள் விதி எளிது. ஒரு புத்தகத்துக்கு ஓர் அத்தியாயம். அதற்கு மேல் என்றால் பதிப்புரிமை வைத்திருப்பவரின் கடிதம் வேண்டும். விதியை நான் எழுதவில்லை. லேமினேட் செய்து மேசையில் ஒட்டியது மட்டும் நான்.

பேராசிரியர் டெல்மர் ஓஸ்ட்பி நல்ல மனிதர். சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய சரக்குக் கப்பல்களைப் பற்றிப் பதினோரு வருடம் அலைந்து ஒரு புத்தகம் எழுதியவர். பதினான்கு அத்தியாயம். அதை வெளியிட்ட பதிப்பகம் மூடிவிட்டது. உரிமை யாரிடம் போனதென்று யாருக்கும் தெரியாது. அவரிடம் இருந்த பிரதிகள் வீட்டு நிலவறையில் வெள்ளம் புகுந்தபோது போய்விட்டன. எங்கள் அலமாரியில் இருந்ததுதான் கடைசிப் பிரதி.

செப்டம்பரில் வந்து பதினான்கையும் கேட்டார்.

“ஒண்ணுதான் சார் முடியும். மத்ததுக்கு அனுமதிக் கடிதம் கொண்டாங்க.”

“யார்கிட்டம்மா வாங்குறது? எழுதினதே நான்தானே.”

“எழுதினது நீங்கதான் சார். உரிமையைத்தான் அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீங்களே.”

நாலாவது அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த திங்களன்று மறுபடி வந்தார். “நாலை எடுத்துட்டு அஞ்சை ஏத்துங்க மார்லிஸ். எப்பப் பாத்தாலும் ஒண்ணுதானே இருக்கும்?” அதற்கு நான் மறுத்ததும் அவர் மனைவி வந்தார். இசைத் துறையில் பாடம் எடுப்பவர். தன் வகுப்புக்கு ஆறாவது அத்தியாயம் வேண்டுமாம். இசைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “கப்பல் முழுகும்போது சத்தம் வருமில்ல?” என்றார்.

அந்த வாரம் எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. குற்றம் அவர்களுடையது அல்ல. மற்ற பதிமூன்று அத்தியாயங்களும் அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான் சிக்கல். இருந்தால் மனிதர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு, பிளேடால் புத்தகத்தின் முதுகை ஒட்டி ஒவ்வொரு தாளாக அறுத்தெடுத்தேன். நாலாவது அத்தியாயத்தை விட்டுவைத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. தாள்களை மறுசுழற்சித் தொட்டியில்தான் போட்டேன். அதற்கும் ஒரு விதி இருக்கிறது. பிறகு முட்டை சாண்ட்விச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

ஓஸ்ட்பி அலமாரியிலிருந்து அதை எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“மார்லிஸ், என் புத்தகம் இளைச்சுப் போயிருக்கே.”

“யார் வேலையோ சார். ஆனா ஒரு நல்லது பாருங்க. இருக்கிறதே ஒரு அத்தியாயம்தான். இனி முழுப் புத்தகத்தையும் ஏத்தலாம்.”

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் தரைவிரிப்பில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

அதன்பின் மற்ற புத்தகங்களைப் பார்த்தேன். அவசரப்படவில்லை. நாளுக்கு ஒன்று, பிறகு மூன்று. வேதியியல் சுலபம். நாவல்களில் எந்த அத்தியாயத்தை விடுவது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். நான் ரசனை இல்லாதவள் அல்ல. வசந்தத்துக்குள் அறுநூற்றுப் பதினொன்று முடிந்தது. ஒருவர்கூட விதியை மீறவில்லை.

நூலக இயக்குநர் விசாரணைக் குழு போட்டார். என்னையும் அதில் சேர்த்தார். பிளேடு யாரிடம் இருக்கும் என்று கேட்டார்கள். கீழ்த்தளத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டும் கார்டன் ப்ரூயிட்டிடம் என்றேன். அது உண்மை. நானே அவனிடம்தான் இரவல் வாங்கினேன்.

கார்டனை வேலையைவிட்டு அனுப்பிய அன்று எலுமிச்சை கேக் செய்து கொண்டுபோனேன். இருபத்திரண்டு வருட நண்பன். தாடியெல்லாம் சர்க்கரைப் பொடியோடு அழுதான். “இந்த ஊர்ல நீ ஒருத்திதான் என்னை நம்புறே, மார்லிஸ்.” நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அவனுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

இன்று ஏன் வந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியதா என்றால், அது உறுத்த என்ன இருக்கிறது. போன வாரம் இயக்குநரின் அறிக்கை வெளிவந்தது. ஒன்பதாம் பக்கத்தில், அறுநூற்றுப் பதினொன்றும் கார்டன் ப்ரூயிட்டின் கைவேலை என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று முறை படித்தேன். கார்டனுக்கு ஒரு தாளை நேராக வெட்டத் தெரியாது, ஆபீசர்.

ஒருவர் உழைப்பை இன்னொருவர் பெயரில் போடுவதை என் மேசையில் நான் ஒருநாளும் அனுமதித்ததில்லை. அவன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம் கேட்பார்கள் என்று அதையும் கையெழுத்துப் போட்டே கொண்டுவந்திருக்கிறேன்.