சனிக்கிழமை கீபோர்டு

சபிதா: …இன்னும் முடிவு பண்ணலையா? காலையில இருந்து மேசை பூரா கொட்டி வச்சிருக்கீங்க. சோத்துத் தட்ட எங்கன வைக்க?

ஸ்டெபின்: மடியில வச்சுக்கோ. ஏட்டி, ஏட்டி… கீழ கிடக்க சுவிட்ச மிதிச்சிராத!

சபிதா: இதுவா? நான் புளியங்கொட்டைன்னுல்லா நெனச்சேன்.

ஸ்டெபின்: கீபோர்டுல ஒரு எழுத்துக்கு ஒரு சுவிட்சு. இந்தத் தகட்டு ஓட்டையில சொருகணும். சொருகிட்டு, அடியில ஈயம் வச்சுப் பத்தவைக்கதா, இல்ல சாக்கெட்டு போட்டு சும்மா மாட்டுததா… அதான் யோசிக்கேன்.

சபிதா: ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்டெபின்: பத்தவச்சா கல்யாணம் மாதிரி. அசையாது. சாக்கெட்டுன்னா…

சபிதா: சொல்லுங்க. சாக்கெட்டுன்னா?

ஸ்டெபின்: …நீ சோத்தப் போடு.

சபிதா: நெனச்சப்ப பிடுங்கிக்கிடலாம். அப்படித்தான?

ஸ்டெபின்: பிடுங்கிட்டு வேற சுவிட்சு மாட்டலாம்ட்டி! அப்பா வீட்டுல இருந்தா சத்தம் போடுதது. வெளிய போயிட்டா சத்தம் இல்லாதது.

சபிதா: மாமா இருக்கும்போதா சத்தம்? ஊர்ல எல்லாரும் பெரியவிய இருந்தா சத்தத்தக் குறைப்பாங்க.

ஸ்டெபின்: மெதுவாப் பேசு. அவிய முன்ரூம்லதான் பேப்பர் பாக்காவ.

சபிதா: ஓஹோ… அவியளுக்குக் கேக்கணும்னுதான் சத்தமே?

ஸ்டெபின்: கேட்டாத்தான் புள்ள கம்பெனி வேலை பாக்கான்னு விடுவாவ. சத்தம் நின்னா, 'ஏலே, சும்மாத்தான இருக்க'ன்னு வந்து நிப்பாவ.

சபிதா: உங்க கம்பெனிக்குச் சனிக்கிழமை லீவு. போன சனிக்கிழமை என்னத்த அப்படித் தட்டுனீங்க?

ஸ்டெபின்: அது… அவசர வேலை.

சபிதா: வயரு சொருகவே இல்லையே.

ஸ்டெபின்: …பாத்துட்டியா?

சபிதா: கண்ண வேற மூடிக்கிட்டுத் தட்டுனீங்க. ஏதோ ஜெபம் பண்ணுதீங்கன்னு நெனச்சு காப்பிய வச்சிட்டு வந்துட்டேன்.

ஸ்டெபின்: இப்ப அந்தப் பழைய கீபோர்டும் செத்துப்போச்சு. லேப்டாப்புல தட்டுனா பூனை நடந்த மாதிரி இருக்கு. மழை வேற பெஞ்சு களை மண்டிக் கிடக்கு. நாளைக்குச் சனிக்கிழமை, விடிஞ்சதும் புதூர் காட்டுக்குக் களையெடுக்க 'வாலே'ம்பாவ அப்பா. அந்தக் கரிசல்ல கால வச்சா பாதிக் காடு செருப்புலேயே ஏறிக்கிடும். இன்னைக்குள்ள இத மாட்டலைன்னா நான் தொலைஞ்சேன்.

சபிதா: அதுக்குத்தான் இன்னைக்கு ஆபீசுக்கு லீவு போட்டீங்களா? வேலை பாக்க மாதிரி நடிக்க?

ஸ்டெபின்: சிரிக்காதட்டி. எது மாட்டன்னு சொல்லு.

சபிதா: சாக்கெட்டே போடுங்க. ஈயம் வைக்க சண்முகராஜ் அண்ணன் செல்போன் கடைக்கு அலைய வேண்டாம்லா.

ஸ்டெபின்: சாக்கெட்டு லேசா ஆடும்ங்கான் அவன். பத்தவச்சாத்தான் கணீர்னு முன்ரூம் வரைக்கும் கேக்குமாம். ஆனா ஒண்ணு தப்பாப் போச்சுன்னா பிடுங்கி எடுக்க முடியாது…

சபிதா: பிடுங்குததுல நீங்கதான் கெட்டிக்காரராச்சே.

ஸ்டெபின்: பின்ன! போன வருசம் வரப்போரம் பூரா நான் ஒருத்தனே களை பிடுங்குனேன்லா. அப்பாவே வாயடச்சுப் போயி நின்னாவ.

சபிதா: …ஆமா. நின்னாவ.

ஸ்டெபின்: எதுக்கு இப்படிச் சிரிக்க?

வேதமுத்து: ஏலே ஸ்டெபின்!

ஸ்டெபின்: போச்சு, கூப்பிட்டாவ! தட்டுட்டி, எதையாச்சும் தட்டு… அப்பா, மீட்டிங்ல இருக்கேன்!

சபிதா: ஐயோ, சோத்துத் தட்டுல கரண்டியால அடிக்கீங்களே!

வேதமுத்து: கேக்குது, கேக்குது. நல்லாத் தட்டுத. நாளைக்கும் இப்படியே தட்டு. காட்டுக்கு நீ வர வேண்டாம்.

ஸ்டெபின்: அப்பா… அப்ப களையெடுப்பு?

வேதமுத்து: ஆள் சொல்லியாச்சு. எம்மா சபிதா, இவங்கிட்ட இன்னுமா நீ சொல்லல?

சபிதா: எப்படி மாமா சொல்ல? இவ்வளவு பெருமையா இருக்காவளே…

ஸ்டெபின்: எத? எதச் சொல்லல?

வேதமுத்து: போன வருசம் நீ பிடுங்குனது பூரா உளுந்துச் செடிதாம்ல. களை ஒண்ணு பாக்கியில்லாம அப்படியே நின்னுச்சு. அன்னைல இருந்து, நீ வயரில்லாமத் தட்டுனாலும், 'புள்ளைக்கு வேலை சோலி'ன்னுட்டு நான் தனியா காட்டுக்கு ஓடிருதேன். அந்தச் சாக்கெட்டு வேண்டாம்ல. ஈயத்த வச்சு நல்லாப் பத்தவச்சிரு. பிடுங்குத மாதிரி எதையும் உன் கையில குடுக்கக் கூடாது.