ஹாட் பாக்ஸும் இழுவை வண்டியும்

ரேணுகாதேவி: ...மூடியில ரோஜாப்பூ போட்டிருக்குது. காலையில வச்ச இட்லி சாயங்காலம் வரைக்கும் சூடா இருக்குமாம்.

பன்னீர்செல்வம்: இட்லிக்கா ரேணு இன்சூரன்ஸ் எடுக்கறோம்? காருக்கு! நம்ம மாருதி காருக்கு!

ரேணுகாதேவி: தெரியும். இன்னிக்கு ராத்திரியோட பாலிசி முடியுது. பழைய கம்பெனியிலேயே புதுப்பிச்சா ஜெயச்சந்திரன் ஹாட் பாக்ஸ் தர்றாரு. உங்க எதிர்ல உக்காந்து காபி குடிக்கிற வேணுகோபால் இன்னா தர்றாரு?

வேணுகோபால்: எங்க கம்பெனி ஆரணிக்குப் புதுசு அண்ணி. பாத்திரம் பண்டம்லாம் தர்றதில்ல. வண்டி எங்க மக்கர் பண்ணாலும் ஒரு போன் போட்டா போதும். இழுவை வண்டி வந்து, அலுங்காம இழுத்துகினு போயி...

பன்னீர்செல்வம்: ஃப்ரீயா!

வேணுகோபால்: ஃப்ரீதாண்ணா.

ரேணுகாதேவி: நேத்து ஒருத்தர் சாப்பாட்டுல உக்காந்துகினு சொன்னாரு. இலவசத்தைப் பாத்து கம்பெனி எடுக்கறவன் ஏமாளின்னு. யாருங்க அது?

பன்னீர்செல்வம்: நான்தான். இப்பவும் அதான் சொல்றேன். நம்ம கடையில கல்யாணப் பட்டு எடுத்தா குங்குமச் சிமிழ் ஃப்ரீ. அந்தச் சிமிழ் காசு எங்க இருக்குது? சேலை விலையில இருக்குது. ஏத்தி வச்சவனே நான்தானே!

ரேணுகாதேவி: அப்ப இழுவை வண்டி?

பன்னீர்செல்வம்: அது... அது இலவசம் இல்ல. சர்வீஸ்.

ரேணுகாதேவி: ஹாட் பாக்ஸும் சர்வீஸ்தான். இட்லிக்கு.

வேணுகோபால்: அண்ணி சொல்றதுலயும் ஒரு...

பன்னீர்செல்வம்: நீ யார் கட்சிப்பா?

ரேணுகாதேவி: அவரை விடுங்க. வேணுகோபால், ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நம்ம வண்டி யார் பொருளையாச்சும் நாசம் பண்ணிடுச்சு. பணத்துக்கு நாங்க யார் கிட்ட வந்து நிக்கணும்?

வேணுகோபால்: நிக்கவே வேணாம் அண்ணி. சென்னைக்கு ஒரு ஃபேக்ஸ் போட்டா... அவங்க பாத்து... மேலிடத்துக்கு அனுப்பி...

ரேணுகாதேவி: ஜெயச்சந்திரன் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. எதிர் வீட்டு இராஜமாணிக்கம் வேனை லாரி தேச்சுட்டு போனப்ப, கூடவே நின்னு வாங்கிக் குடுத்தாரு.

பன்னீர்செல்வம்: நாம எதுக்கு நாசம் பண்ணப் போறோம்? நான் ஒண்ணும் பண்ணல... பண்ண மாட்டோம்னு சொல்ல வந்தேன்.

ரேணுகாதேவி: நீங்க ஓட்டாத வரைக்கும் சரி. டிரைவர் பாலமுருகன் திரும்பி வர்றதுக்குள்ள ஸ்டியரிங்ல கை வச்சீங்க, வண்டிய வித்துட்டு மறுபடியும் டிவிஎஸ் ஃபிப்டிதான். சொன்னேனா இல்லையா?

பன்னீர்செல்வம்: சொன்ன. சாமி படத்துக்கு எதிர்ல நின்னு சொன்ன.

ரேணுகாதேவி: ஆமா... வண்டி எங்க? வாசல்ல காணோம்.

பன்னீர்செல்வம்: வாட்டர் சர்வீஸ்.

ரேணுகாதேவி: பாலமுருகன் செய்யார்ல மாமியார் வீட்டுல இருக்கறாரு. யார் ஓட்டிகினு போனது?

பன்னீர்செல்வம்: சர்வீஸ் ஆளுங்க... தள்ளிகினு போனாங்க.

வேணுகோபால்: வீட்டுக்கே வந்து தள்ளிகினு போறாங்களா! எந்தக் கடை அண்ணா?

பன்னீர்செல்வம்: காபியக் குடிப்பா. ஒரு சந்தேகம். அந்த இழுவை வண்டி சின்ன தெருவுல நுழையுமா? உதாரணத்துக்கு... சேவூர் மாதிரி.

ரேணுகாதேவி: சேவூரா?

பன்னீர்செல்வம்: உதாரணம் ரேணு.

வேணுகோபால்: நுழைஞ்சிரும் அண்ணா.

பன்னீர்செல்வம்: சக்கரத்துல ஏதாச்சும் சுத்திகினு இருந்தாலும் இழுப்பாங்களா?

வேணுகோபால்: சுத்திகினுன்னா... கயிறா?

பன்னீர்செல்வம்: கயிறுன்னே வையேன். கொஞ்சம் மெல்லிசா.

வேணுகோபால்: சணலா?

பன்னீர்செல்வம்: இன்னும் மெல்லிசு. பளபளன்னு...

ரேணுகாதேவி: கலரு? அரக்கா, மயில்கழுத்தா?

பன்னீர்செல்வம்: அரக்கு... உதாரணத்துக்கு அரக்கு.

ரேணுகாதேவி: உங்க சட்டைக் காலர்லயும் உதாரணத்துக்கு ஒரு அரக்கு நூல் தொங்குது.

பன்னீர்செல்வம்: பட்டுக் கடைக்காரன் சட்டையில பட்டு நூல் தொங்காம பின்ன இன்னா தொங்கும்? எனக்கு ஜல்தியா அந்த ஃபாரத்தைக் குடு வேணு, கையெழுத்து போட்டுடறேன்.

ரேணுகாதேவி: சேவூர்னு சொன்னதும் நெனப்பு வருது. காலையில அங்க நெசவு பண்றவங்க தறிக்கு ஏத்த, தெரு நெடுக பட்டு நூலைப் பாவு இழுத்துக் கட்டியிருப்பாங்க இல்ல? அந்த நேரத்துல எந்தக் கிறுக்கனாச்சும் அதுக்குள்ள காரை விடுவானா?

பன்னீர்செல்வம்: ...விட மாட்டான்.

ரேணுகாதேவி: அதுவும் பட்டு யாவாரம் பண்றவன்?

பன்னீர்செல்வம்: சான்ஸே இல்ல.

வேணுகோபால்: அண்ணா, கையெழுத்துக்கு முன்ன வண்டிய ஒரு வாட்டி நான் நேர்ல பாக்கணும். வேற கம்பெனியிலேர்ந்து மாறுறீங்க இல்ல, ரூல்ஸ். எந்த வாட்டர் சர்வீஸ்னு சொல்லுங்க, ஒரு எட்டு...

பன்னீர்செல்வம்: பாத்துதான் ஆவணுமா?

வேணுகோபால்: ஆமாண்ணா. அப்புறம், பாலிசி நாளையிலேர்ந்துதான் ஆரம்பம். இழுவை வண்டியும் நாளைக்கு மேல நின்னாத்தான் வரும். இன்னிக்கே நின்ன வண்டிக்கு வராது.

பன்னீர்செல்வம்: வராதா? கொஞ்சம் கூடவா? பாதி தூரம்?

வேணுகோபால்: அண்ணா... வண்டி நின்னுகினு இருக்குதா?

பன்னீர்செல்வம்: காபி ஆறுது வேணு.

ரேணுகாதேவி: கேக்கறாரு இல்ல, சொல்லுங்க.

பன்னீர்செல்வம்: ரேணு, நீ கோவப்படக் கூடாது. நான் வேணும்னு போகல. டிவிஎஸ் ஃபிப்டியில அந்தத் தெருவுக்குப் போறப்ப ஹாரன் அடிப்பேன், பாவு நூலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பாங்க, நான் தலைய குனிஞ்சுகினு பூந்து போயிடுவேன். எத்தினி வருசமா போறேன்!

வேணுகோபால்: அதுக்கு?

பன்னீர்செல்வம்: இன்னிக்கும் ஹாரன் அடிச்சேன். அவங்களும் பழக்கத்துல தூக்கிப் பிடிச்சாங்க. நானும் பழக்கத்துல தலைய குனிஞ்சேன்.

வேணுகோபால்: அப்புறம்?

பன்னீர்செல்வம்: கார் குனியல.

வேணுகோபால்: அய்யய்யோ...

பன்னீர்செல்வம்: பரசுராமன் வீட்டுப் பாவு மொத்தமும் முன் சக்கரத்துல. அவன் சம்சாரம் பொன்னம்மாள் போட்ட கூச்சல்ல எனக்கு பிரேக் எதுன்னே மறந்துபோச்சு. சாவிய அவங்க கிட்டயே குடுத்துட்டு டவுன் பஸ்ல வந்துட்டேன். ரேணு... ஏதாச்சும் பேசேன். திட்டவாச்சும் செய். வண்டிய மட்டும் வித்துடாத. இழுவை வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ சொன்ன கம்பெனியிலேயே போட்டுடலாம். ஜெயச்சந்திரனுக்கு இப்பவே போன் போடு.

ரேணுகாதேவி: எதுக்கு? நீங்க டவுன் பஸ் ஏறுறதுக்குள்ள பொன்னம்மாள் எனக்கு போன் போட்டுட்டா. நான் அப்பவே ஜெயச்சந்திரனை வீட்டுக்கே கூப்பிட்டு பாலிசியப் புதுப்பிச்சுட்டேன், ஹாட் பாக்ஸையும் வாங்கிட்டேன். பழைய பாலிசி இன்னிக்கு ராத்திரி வரைக்கும் இருக்குது இல்ல, அந்தப் பாவுக்கு நஷ்ட ஈடு எழுதித் தர்றேன்னு அவர் சேவூருக்கே போயிருக்கறாரு. சக்கரத்தடியில படுத்துகினு பட்டு பிரிக்கறவங்களுக்கு அந்த ஹாட் பாக்ஸ்லதான் இட்லி குடுத்தனுப்பியிருக்கேன்... எழுந்திரிங்க, டிவிஎஸ் ஃபிப்டிய எடுத்துகினு போயி இன்னும் சூடா இருக்குதான்னு பாத்துட்டு வாங்க.